காரணம் தெரிந்தும் கத்துவது ஏன் நிற்கவில்லை?

கேள்வி: எனக்கு வயது 37. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். மகன் ஆறாம் வகுப்பு. கணவருக்கு மாதத்தில் பாதி நாள் நைட் ஷிப்ட். இரண்டு வருடமாக உளவியல் பற்றி நிறையப் படிக்கிறேன், வீடியோக்கள் பார்க்கிறேன், தினமும் இரவு டைரி எழுதுகிறேன். அப்பா கோபக்காரர், அவரிடம் அடி வாங்கி வளர்ந்ததால்தான் எனக்கும் இந்தக் கோபம் என்று புரிந்துகொண்டேன். ஆன்லைனில் ஒரு டெஸ்ட் எழுதினேன், எனக்கு 'பதற்றமான பிணைப்பு' (நெருங்கியவர்கள் விலகிவிடுவார்களோ என்று ஓயாமல் பயப்படும் உறவு முறை) இருப்பதாக வந்தது. இவ்வளவு தெரிந்தும், சாயங்காலம் மகன் ஹோம்வொர்க் எழுத உட்காராவிட்டால் கத்தித் தீர்த்துவிடுகிறேன். கை நீட்டுவதில்லை. பிறகு நள்ளிரவு வரை அழுதுகொண்டே டைரி எழுதுகிறேன். '21 நாள் கத்தமாட்டேன்' என்று மூன்று முறை சபதம் எடுத்தேன். மூன்றும் முதல் வாரத்திலேயே உடைந்துவிட்டது. உளவியல் எல்லாம் என்னைப் போன்றவர்களுக்கு உதவாதா, மேடம்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உதவும். ஆனால் இதுவரை நீங்கள் உளவியலிடம் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான்: 'நான் ஏன் இப்படி இருக்கிறேன்?' அதற்கு உங்களிடம் முழுமையான பதில் இருக்கிறது. 'போன செவ்வாய்க்கிழமை நான் கத்துவதற்கு முந்தைய பத்து நிமிடத்தில் என்னென்ன நடந்தது?' என்று கேட்டால் அநேகமாக உங்களால் சொல்ல முடியாது. அந்தப் பத்து நிமிடத்தைத்தான் மாற்ற முடியும். அப்பாவோடு கழிந்த வருடங்களை இனி மாற்ற முடியாது.

'ஏன்' என்ற கேள்விக்கு மனம் தரும் பதிலை அப்படியே நம்பவும் முடியாது. 1977இல் ரிச்சர்ட் நிஸ்பெட், திமோத்தி வில்சன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனையைப் பற்றி எழுதினார்கள். கடைக்கு வந்தவர்கள் முன் நான்கு ஜோடி காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று கேட்டார்கள். நான்கும் அச்சு அசலாக ஒன்றே. வலது ஓரத்தில் இருந்ததையே அதிகம் பேர் தேர்ந்தெடுத்தார்கள். காரணம் கேட்டபோது நெசவு, மென்மை என்று விளக்கம் சொன்னார்கள். இருந்த இடம்தான் தீர்மானித்தது என்று ஒருவரும் சொல்லவில்லை. பொய் சொல்லவில்லை அவர்கள். தன் செயலுக்கு நம்பத்தகுந்த ஒரு காரணத்தை மனம் தானாகவே தயாரித்துக் கொடுத்துவிடுகிறது. உங்கள் அப்பாவைப் பற்றிய விளக்கம் தவறு என்று இதற்கு அர்த்தம் இல்லை. அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதே அப்பாவின் மகள்தான் ஆபீஸில் மேனேஜர் கணக்கைத் திருப்பி எறிந்தாலும் குரல் உயர்த்தாமல் பதில் சொல்கிறாள். அதே மகள்தான் ஞாயிற்றுக்கிழமை காலை மகனோடு சிரித்துப் பேசிக்கொண்டு தோசை சுடுகிறாள். அப்பா காரணம் என்றால் எல்லா நேரமும் கோபம் வர வேண்டும். சாயங்காலம் ஏழரைக்கும் எட்டரைக்கும் இடையில் மட்டும் வருகிறதென்றால், அந்த நேரத்தில்தான் தேட வேண்டும்.

அந்த நேரத்தில் பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜெரால்ட் பாட்டர்சன் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் குடும்பங்களின் வீட்டுக்கே பார்வையாளர்களை அனுப்பி, பெற்றோரும் பிள்ளையும் நொடிக்கு நொடி என்ன செய்கிறார்கள் என்று குறித்தார். 1982இல் அவர் வெளியிட்ட விளக்கத்தை உங்கள் வீட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். நீங்கள் சமையலறையிலிருந்து 'எழுத உட்காருடா' என்கிறீர்கள். அவன் 'இரும்மா' என்கிறான். குழம்பு கொதிக்கிறது, நீங்கள் விட்டுவிடுகிறீர்கள். அவனுக்குப் பத்து நிமிடம் லாபம். 'இரும்மா' என்றால் வேலை தள்ளிப்போகும் என்று கற்றுக்கொள்கிறான். இரண்டாவது, மூன்றாவது முறையும் அப்படியே. நாலாவது முறை கத்துகிறீர்கள், உடனே உட்காருகிறான். இப்போது கற்றுக்கொள்வது நீங்கள்: கத்தினால்தான் நடக்கும். அவனும் இன்னொன்று கற்றுக்கொள்கிறான்: அம்மா சாதாரணக் குரலில் சொல்லும்வரை நேரம் இருக்கிறது.

ஆக, உங்கள் கத்தல் பலன் தருகிறது. அதனால்தான் நிற்கவில்லை. பலன் இரண்டு நொடியில் வருகிறது, குற்ற உணர்ச்சி இரண்டு மணி நேரம் கழித்து வருகிறது. ஒரு செயலை ஒட்டி உடனே வரும் விளைவுக்குத்தான் பழக்கத்தை வளர்க்கும் சக்தி அதிகம். இரவில் எவ்வளவு அழுதாலும் மறுநாள் சாயங்காலத்தை அது தொடாமல் போவதற்கு இதுதான் காரணம். உங்களுக்கு மன உறுதி இல்லை என்பது இந்தக் கணக்கில் எங்கேயும் வரவில்லை.

முதல் வாரம் எதையும் மாற்ற முயலாதீர்கள். குறிப்பு மட்டும் எடுங்கள். சட்டைப்பை அளவு நோட்டு ஒன்று போதும், மொபைல் நோட்ஸும் சரி. ஆனால் மொபைலை எடுத்தால் வாட்ஸ்அப் பக்கம் போய்விடுவீர்கள் என்றால் நோட்டே நல்லது. சம்பவம் முடிந்து பத்து நிமிடத்துக்குள் எழுத வேண்டும். இரவு பதினொரு மணிக்கு நினைவிலிருந்து எழுதினால், அதற்குள் 'நான் மோசமான அம்மா' என்ற தீர்ப்பு வந்துவிடும், விவரங்கள் அந்தத் தீர்ப்புக்கு ஏற்ப வளைந்துவிடும். எழுத வேண்டியவை: மணி என்ன, அதற்கு முன்பு என்ன நடந்தது, மனதில் ஓடிய வாக்கியம் என்ன, கோபம் பத்துக்கு எத்தனை, நான் செய்தது என்ன, உடனே பின்னால் நடந்தது என்ன. கூடவே கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள், முந்தைய இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், மாதவிடாய்ச் சுழற்சியில் எத்தனையாவது நாள். இப்படி இருக்கும்:

'திங்கள், 7.50. சமையலறையிலிருந்து மூணு தடவை கூப்பிட்டேன். அவன் டிவி முன்னால். "என்னை மதிக்கவே மாட்டான்" என்று தோன்றியது. கோபம் 7. நாலாவது தடவை கத்தினேன். உட்கார்ந்தான். மதியம் ஒரு மணிக்கு அப்புறம் சாப்பிடலை. தூக்கம் 5 மணி நேரம். 24ஆம் நாள்.'

அவ்வளவுதான். இதில் 'ஏன்' என்ற சொல் வரக்கூடாது. அப்பா வரக்கூடாது. 'எப்பவும்', 'ஒருநாளும்' போன்ற சொற்கள் வந்தால் அடித்துவிட்டு, அன்று நடந்ததை மட்டும் எழுதுங்கள்.

இந்த வாரத்தில் பலர் செய்யும் தவறு, கத்திய நாட்களை மட்டும் குறிப்பது. கத்தாத நாளையும் அதே போல் எழுதுங்கள். அதில்தான் அதிகத் தகவல் இருக்கிறது. வியாழக்கிழமை ஏன் சண்டை வரவில்லை என்று பார்த்தால், அன்று கணவர் வீட்டில் இருந்திருப்பார், அல்லது நீங்கள் வந்ததும் ஒரு வடையும் டீயும் உள்ளே போயிருக்கும், அல்லது நீங்கள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்திருப்பீர்கள். இன்னொரு விஷயம்: கவனித்துக் குறிப்பதாலேயே கத்தும் தடவைகள் கொஞ்சம் குறையும். தன்னைத் தானே அளக்கும் எவருக்கும் இது நடக்கும். அதைப் பார்த்து 'சரியாகிவிட்டது' என்று நோட்டை மூடிவிடாதீர்கள்.

ஏழு நாள் குறிப்பைச் சேர்த்துப் படிக்கும்போது இரண்டு எண்களைத் தேடுங்கள். ஒன்று, சராசரியாக எத்தனையாவது தடவை சொல்லும்போது கத்தல் வருகிறது. இரண்டாவது, கத்துவதற்கு எத்தனை நிமிடம் முன்பு உடம்பு சொல்லிவிட்டது. தாடை இறுகுவது, பாத்திரத்தைச் சத்தமாக வைப்பது, வாக்கியங்கள் சின்னதாகி வேகமாவது, இப்படி ஒவ்வொருவருக்கும் ஓர் அறிகுறி உண்டு. கோபம் 7இல் இருக்கும்போது எந்த உளவியல் அறிவும் கைக்கு வராது. 3 அல்லது 4இல் இருக்கும்போது வரும். உங்கள் வேலை முழுவதும் அந்த 3, 4 எண்ணில்தான்.

இரண்டாவது வாரம் சூழலில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒரே நேரத்தில் ஐந்தை மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது, இரண்டு நாளில் சோர்வும் வந்துவிடும். குறிப்பில் பசி அடிக்கடி வந்திருந்தால், வீட்டுக்குள் நுழைந்ததும் இருவரும் சேர்ந்து பதினைந்து நிமிடம் டீ, பால், சுண்டல் அல்லது இரண்டு வாழைப்பழம். சமையல் அதற்குப் பிறகுதான். நேரம் பிரச்சினையாக இருந்தால், எழுதுவதை எட்டு மணியிலிருந்து ஏழே காலுக்குக் கொண்டுவாருங்கள். பதினொரு வயதுப் பையனை முக்கால் மணி நேரம் ஒரேயடியாக உட்கார வைப்பதைவிட இருபது நிமிடம், ஐந்து நிமிட இடைவெளி, மறுபடி இருபது நிமிடம் என்று பிரிப்பது இருவருக்கும் இலகு. தூரம் பிரச்சினையாக இருந்தால், அதுதான் பெரும்பாலான வீடுகளில் பிரச்சினை, சமையலறையிலிருந்து கூப்பிடுவதை அடியோடு நிறுத்துங்கள்.

அதற்குப் பதிலாகச் சொல்லும் முறை இது. அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு அவனிடம் போங்கள். ஒரு கை தூரத்தில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், அவன் உங்களைப் பார்க்கும்வரை பேசாதீர்கள். 'படி' என்று சொல்லாதீர்கள், அதில் எதைத் தொடங்குவது என்று இல்லை. 'கணக்கு நோட்டை எடுத்து மேசையில் வை' என்று ஒரே ஒரு வேலை சொல்லுங்கள். 'வைக்கிறியாப்பா?' என்று கேள்வியாகக் கேட்டால் 'மாட்டேன்' என்பதும் நியாயமான பதிலாகிவிடும். சொன்னபின் ஐந்து முதல் பத்து நொடி வாயைத் திறக்காமல் நில்லுங்கள். இந்தப் பத்து நொடிதான் மிகக் கடினம், அதற்குள் நாம் இன்னும் இரண்டு கட்டளையும் ஒரு குத்தலும் சேர்த்துவிடுகிறோம். எடுத்து வைத்தால், 'சொன்ன உடனே எடுத்துட்ட' என்று நடந்ததை அப்படியே சொல்லுங்கள். 'இன்னைக்காவது எடுத்தியே' என்றால் பாராட்டு போய்விட்டது. எடுக்கவில்லை என்றால் அதே வாக்கியத்தை இன்னொரு முறை, அதே குரலில். அதற்கும் அசையாவிட்டால், முன்கூட்டியே பேசி வைத்த சின்ன விளைவு: அன்று இரவு அவன் டிவி நேரத்தில் பத்து நிமிடம் குறையும். ஒரு வாரம் டிவி கிடையாது என்பது போன்ற பெரிய தண்டனையை நீங்களே இரண்டாம் நாள் தளர்த்திவிடுவீர்கள். அப்படித் தளர்த்தும்போது அவன் கற்றுக்கொள்வது வேறு.

இப்போது சபதத்துக்கு வருவோம். 'கத்தமாட்டேன்' என்பதில் எந்த நேரம், எந்த இடம், அதற்குப் பதில் என்ன செய்வது என்று எதுவுமே இல்லை. ஜெர்மனியைச் சேர்ந்த உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் இதைத்தான் நீண்ட காலம் ஆராய்ந்தார். 'இது நடந்தால், இதைச் செய்வேன்' என்ற வடிவில் திட்டமிட்டவர்கள், வெறும் நோக்கத்தோடு நின்றவர்களைவிடத் தெளிவாக அதிகம் செய்து முடித்தார்கள். 2006இல் அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் அதே முடிவுதான். உங்களுக்கு ஒரு வாக்கியம்: 'மூணாவது தடவை கூப்பிட வாய் திறக்கும்போது, அடுப்பை அணைத்துவிட்டு அவன் பக்கத்தில் போய் உட்காருவேன்.' இதில் அடையாளம் வெளியே இருக்கிறது, எண்ணிவிடலாம். செயல் கையால் செய்வது, கத்துவதோடு சேர்த்துச் செய்யவும் முடியாது. 'கோபம் வந்தால் அமைதியாக இருப்பேன்' என்பது இதே வடிவில் இருந்தாலும் திட்டம் ஆகாது. கோபம் வந்ததை அந்த நேரத்தில் கவனிக்கமாட்டீர்கள், அமைதியாக இருப்பது கையால் செய்யும் செயலும் இல்லை. வாக்கியத்தை ஒரு தாளில் எழுதி அஞ்சறைப்பெட்டி மூடியில் ஒட்டுங்கள். இரண்டு நாள் மகன் வீட்டில் இல்லாத நேரத்தில் அடுப்பை அணைப்பது, நடப்பது, உட்காருவது என்று உடம்பால் ஒத்திகை பாருங்கள்.

இனி முக்கியமான எச்சரிக்கை. நீங்கள் கத்துவதை நிறுத்திய முதல் சில நாட்கள் மகன் இன்னும் மோசமாக நடந்துகொள்ள வாய்ப்பு அதிகம். இத்தனை நாள் அவனுக்குக் கத்தல்தான் 'இப்போது எழுந்திரு' என்ற அறிகுறி. அது வராததால் காத்திருப்பான், சீண்டிப் பார்ப்பான், சத்தம் போடுவான். வழக்கமாகக் கிடைத்த விளைவு நின்றுபோனால் அந்த நடத்தை அடங்குவதற்கு முன் ஒருமுறை உச்சத்துக்குப் போகக்கூடும் என்பது நடத்தை உளவியலில் நன்றாகப் பதிவான விஷயம். உங்கள் மூன்று சபதங்களும் முதல் வாரத்தில் உடைந்தது இங்கேதான் என்று நினைக்கிறேன். மென்மையாகச் சொன்னால் இவன் தலைமேல் ஏறுகிறான் என்று முடிவுகட்டி, ஐந்தாம் நாள் வழக்கத்தைவிடப் பலமாகக் கத்தியிருப்பீர்கள். அப்போது அவன் கற்றது: கொஞ்சம் கூடுதலாக இழுத்தால் பழைய அம்மா திரும்பி வருவாள். ஆகவே தொடங்கும் வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். பரீட்சை வாரமும், உங்கள் ஆபீஸில் ஆடிட் நடக்கும் வாரமும் வேண்டாம்.

21 நாள் கணக்கையும் விட்டுவிடுங்கள். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், அறுவை சிகிச்சைக்குப் பின் புதிய முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று 1960இல் எழுதினார். அதில் இருந்த 'குறைந்தது' காணாமல் போய், எல்லாப் பழக்கத்துக்கும் 21 நாள் என்று பரவிவிட்டது. லண்டனில் பிலிப்பா லாலி என்ற ஆய்வாளரின் குழுவினர் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்தார்கள். தினமும் ஒரே சந்தர்ப்பத்தில் செய்யும் ஒரு சின்னச் செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர, ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். நடு மதிப்பு 66 நாள். உங்களுக்கு வேண்டிய செய்தி அதே ஆய்வில் இன்னொன்று இருக்கிறது: இடையில் ஒருநாள் தவறினால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. சபதம் ஒருநாளில் உடைந்துவிடும். பழக்கம் அப்படி உடையாது. அதனால் வெற்றியை 'கத்தாத நாள்' என்று அளக்காதீர்கள். வாரத்துக்கு எத்தனை தடவை என்று அளந்து பாருங்கள். ஒன்பதிலிருந்து ஐந்தாகக் குறைந்தால் அது கணிசமான மாற்றம், மகனுக்கும் அது தெரியும்.

மூன்றாம் வாரத்திலிருந்து நினைப்புகளுக்கு வரலாம். ஆரோன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1960களில் பிலடெல்பியாவில் வளர்த்தெடுத்த சிகிச்சை முறையில் இதற்கு எளிய கருவி இருக்கிறது. உங்கள் நோட்டில் மீண்டும் மீண்டும் வரும் வாக்கியம் ஒன்றை எடுங்கள். 'வேணும்னே பண்றான், என்னை மதிக்கலை' என்று வைத்துக்கொள்வோம். கோபமாக இருந்த நேரத்தில் அதை நூற்றுக்கு எவ்வளவு நம்பினீர்கள்? 90 என்று எழுதுங்கள். அடுத்து, அதற்கு ஆதரவாகக் கண்ணால் கண்டவை: கூப்பிட்டும் திரும்பவில்லை. எதிராகக் கண்டவை: டிவி பார்க்கும்போது அப்பா கூப்பிட்டாலும் திரும்புவதில்லை, சாப்பிடக் கூப்பிட்டாலும் அப்படித்தான், உங்களுக்குக் காய்ச்சல் வந்தபோது தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். இரண்டையும் படித்துவிட்டு, இரண்டுக்கும் பொருந்தும் இன்னொரு வாக்கியம்: 'டிவியிலிருந்து கவனத்தைத் திருப்ப அவனால் இன்னும் முடியவில்லை, எழுதவும் அவனுக்குப் பிடிக்கவில்லை.' இப்போது பழைய வாக்கியத்தை எவ்வளவு நம்புகிறீர்கள்? 55க்கு இறங்கினால் போதும். பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவர வேண்டியதில்லை, அப்படி வந்தால் நீங்கள் உங்களைச் சமாதானப்படுத்திக்கொள்கிறீர்கள் என்று சந்தேகப்படுங்கள். 'என் மகன் ரொம்ப நல்லவன்' என்று எழுதுவதும் வேலைக்கு ஆகாது. அடுத்த முறை அவன் திரும்பிப் பார்க்காதபோது அந்த வாக்கியம் நிற்காது.

உங்கள் அப்பாவுக்கும் இங்கே ஓர் இடம் இருக்கிறது. 'அப்பாவால் எனக்குக் கோபம்' என்பதை வைத்து இன்று எதுவும் செய்ய முடியாது. ஆனால் அந்த வீட்டில் நீங்கள் கற்றுக்கொண்ட விதி என்ன என்று கேட்டால் கைக்கு ஒன்று கிடைக்கும். ஒருவேளை அது 'பெரியவங்க ஒரு தடவை சொன்னா பிள்ளை எழுந்திருக்கணும், இல்லைன்னா அது அவமரியாதை' என்பதாக இருக்கலாம். அந்த விதி இன்றும் உங்களுக்குள் வேலை செய்கிறது. அதை மேலே சொன்னபடி சோதித்துப் பார்க்கலாம், திருத்தி எழுதலாம்: 'ஒரு தடவை பக்கத்தில் போய்ச் சொன்னால், பெரும்பாலும் பத்து நொடியில் தொடங்குவான்.' கடந்த காலத்தைப் பற்றி நீங்கள் புரிந்துகொண்டதில், இப்படி ஒரு விதியாக மாற்ற முடிந்த பகுதிதான் நடைமுறைக்கு உதவும்.

இரவு டைரி பற்றி நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அது இப்போது தினமும் ஒரே குற்றவாளியை விசாரித்து ஒரே தீர்ப்பைச் சொல்லும் கோர்ட்டாக இருக்கிறது. சூசன் நோலன்-ஹோக்செமா என்ற அமெரிக்க உளவியலாளர் தன் ஆய்வு வாழ்க்கையின் பெரும்பகுதியை இதில் செலவிட்டார். மனவருத்தத்தையும் அதன் காரணங்களையும் திரும்பத் திரும்ப அசைபோடுகிறவர்களுக்கு அந்த வருத்தம் நீடிக்கிறது, பிரச்சினையைத் தீர்க்கும் திறன் குறைகிறது என்று அவர் காட்டினார். சிக்கல் என்னவென்றால், அசைபோடும்போது உள்ளே ஆழமாகப் போவது போலவே இருக்கும். வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு சோதனை: பத்து நிமிடம் எழுதியபின் திரும்பிப் படியுங்கள். நேற்று எழுதாத ஒரு விவரமாவது இருக்கிறதா? நாளை செய்யக்கூடிய ஒன்றாவது இருக்கிறதா? இரண்டும் இல்லையென்றால் பேனாவை மூடிவிட்டு எழுந்துவிடுங்கள். துணி மடியுங்கள், நாளைக்கு வேண்டிய காயை நறுக்குங்கள்.

இந்த மாதம் டைரிக்கு 15 நிமிடம்தான், சாப்பாடு முடிந்த கையோடு. படுக்கையில் வேண்டாம், பத்து மணிக்கு மேல் வேண்டாம். 'நான்' என்று எழுதாமல் உங்கள் பெயரைப் போட்டு எழுதிப் பாருங்கள், '(உங்கள் பெயர்) ஆறரைக்கு வீட்டுக்கு வந்தாள், பசியோடு இருந்தாள்' என்கிற மாதிரி. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈதன் கிராஸும் சக ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட சோதனைகளில், தன்னைப் பெயர் சொல்லி அழைத்துப் பேசிக்கொண்டவர்களால் பதற்றமான சூழலைச் சற்று விலகி நின்று கையாள முடிந்தது. தோழிக்குச் சொல்வது போன்ற தொனி தானாக வரும். கடைசி வரி எப்போதும் நாளைய சாயங்காலத்துக்கான ஒரு செயலாக இருக்கட்டும்.

அடி வாங்கிய நாட்களைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றினால் அதை இந்த டைரியோடு கலக்காதீர்கள். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986இல் தொடங்கிவைத்த முறையில் அதற்கு எல்லை உண்டு: தொடர்ந்து நான்கு நாள், தினம் 15 முதல் 20 நிமிடம், என்ன நடந்தது, அப்போது என்ன உணர்ந்தேன், இன்று அதை எப்படிப் பார்க்கிறேன் என்று. எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம், யாருக்கும் காட்ட வேண்டாம், கிழித்துப் போடலாம். எழுதிய அன்று மனம் கனப்பது இயல்பு. எழுதும்போது நடுக்கம் வந்தால், அந்தக் காட்சிகள் பகலில் தானாகக் கண்முன் வந்து நின்றால், நிறுத்திவிட்டு ஒரு நிபுணரோடு உட்கார்ந்துதான் அதைத் தொட வேண்டும்.

கத்திய நாளில் என்ன செய்வது? மகனிடம் அன்றே, இருவரும் அமைதியானபின், இரண்டு வாக்கியம்: 'அம்மா கத்தினேன், அது சரியில்லை. நாளைக்கு உன் பக்கத்துல வந்து சொல்றேன்.' அதோடு நிறுத்த வேண்டும். 'ஆனா நீயும்...' என்று தொடர்ந்தால் மன்னிப்பு குற்றச்சாட்டாகிவிடும். அழுதுகொண்டே கேட்டால் அவன் உங்களைத் தேற்ற வேண்டியதாகிவிடும், அது பதினொரு வயதுக்குப் பெரிய சுமை. ஹோம்வொர்க் மட்டும் அப்படியே இருக்கட்டும், குற்ற உணர்ச்சியில் அன்றைக்கு அதைத் தள்ளுபடி செய்யாதீர்கள்.

ஆன்லைன் டெஸ்ட் முடிவை ஒரு ஓரமாக வையுங்கள். 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு ஆளுமைத் தேர்வு வைத்து, தனித்தனி முடிவு என்று சொல்லி ஒரே தாளை எல்லோருக்கும் கொடுத்தார். அதிலிருந்த வாக்கியங்கள் பெரும்பாலும் கடையில் வாங்கிய ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. தனக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று மாணவர்கள் கொடுத்த சராசரி மதிப்பெண் ஐந்துக்கு 4.26. பிணைப்பு பற்றிய ஆய்வே போலி என்று சொல்லவில்லை, அது கவனமாகச் செய்யப்பட்டு வரும் துறை. ஆனால் பத்து நிமிட இணையத் தேர்வு கொடுத்த பட்டத்தை வைத்து 'நான் இப்படிப்பட்டவள்' என்று தீர்மானித்தால், மாறக்கூடிய நடத்தையும் பிறவிக் குணம் போலத் தெரியத் தொடங்கும்.

இரண்டு விஷயங்களை நோட்டால் சரிசெய்ய முடியாது. ஒன்று மகன் பக்கம். தினமும் எழுத்து வேலையில் மட்டும் சண்டை என்றால், பலகையில் இருப்பது தெரிகிறதா என்று கண் பரிசோதனை செய்யுங்கள். வாசிக்கும்போது எழுத்துகளைத் தடுமாறுகிறானா, வாய்மொழியில் சரியாகச் சொல்லும் பதிலை எழுத மட்டும் திணறுகிறானா என்று வகுப்பு ஆசிரியரிடம் கேளுங்கள். கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளை 'சோம்பேறி' என்றே பல வருடம் நினைத்துவிடுகிறோம். இருந்தால் மதிப்பீடு செய்து உதவ முடியும்.

இன்னொன்று உங்கள் பக்கம். தைராய்டு, ரத்தசோகை இரண்டுக்கும் சாதாரண ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், இரண்டும் எரிச்சலையும் சோர்வையும் கூட்டும். குறிப்பில் கோப நாட்கள் மாதவிடாய்க்கு முந்தைய வாரத்திலேயே குவிந்தால், இரண்டு மாதக் குறிப்பை எடுத்துக்கொண்டு மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நேரம் மனம் சோர்ந்திருந்தால், எதிலும் ஈடுபாடு இல்லாமல் தூக்கமும் பசியும் மாறியிருந்தால், அது மனச்சோர்வாக இருக்கலாம். அப்போது தாமதிக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. கை நீட்டும் அளவுக்குப் போனாலோ, வாழவே வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலோ, அன்றே 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை அழையுங்கள். கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். தனியாரிடம் பேச்சுச் சிகிச்சைக்குப் போவதாக இருந்தால், அந்த மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேட்பது உங்கள் உரிமை. 'கவுன்சிலர்' என்று போர்டு வைக்க ஒரு வார இறுதிப் பயிற்சி போதும் என்கிற நிலைமை இருக்கிறது.

நாலு வாரம் முடிந்ததும் கணவரோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் உட்கார்ந்து, முதல் வாரக் குறிப்பையும் நாலாம் வாரக் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கத்திய தடவை குறைந்திருந்தால் அதே திட்டத்தை இன்னும் எட்டு வாரம் தொடருங்கள், புதிதாக எதையும் சேர்க்க வேண்டாம். குறையவில்லை என்றால் மாற்றிய அந்த ஒரு விஷயம் தவறான இடத்தில் விழுந்திருக்கிறது. குறிப்பில் அடுத்ததாக அதிகம் வரும் காரணத்தை எடுத்து அதை மாற்றிப் பாருங்கள். கணவரிடம் பொதுவாக 'கொஞ்சம் உதவி செய்யுங்க' என்று கேட்காமல், 'பகல் ஷிப்ட் இருக்கும் வாரம் ஏழே காலிலிருந்து ஏழே முக்கால் வரைக்கும் கணக்கு நோட்டு உங்க பொறுப்பு' என்று கேளுங்கள். அந்த வாரங்களின் எண்களைத் தனியாகக் குறித்து வையுங்கள்.